இரவில் பிடிக்கிற நங்கூரம் காற்று திரும்பினால் கழருது: 26 அடிப் பாய்ப்படகு, திருகோணமலைப் பக்கம்

#1 பாய்க்காரன்26

வணக்கம் எல்லாருக்கும். விபரத்தை முதலில் தாறன்.

படகு 26 அடி, ஃபின் கீல் (அடியில துடுப்பு மாதிரித் தொங்குற பாரத் தகடு), நீருக்குக் கீழ 1.4 மீட்டர், எடை 2.2 டன் சுமார். அவுட்போர்ட் 9.9 குதிரைவலு. நங்கூரம் டான்ஃபோர்த் மாதிரி, 8 கிலோ. அதோட 6 மில்லிமீட்டர் சங்கிலி 3 மீட்டர், பிறகு 10 மில்லிமீட்டர் பச்சை பொலிப்புரொப்பிலீன் கயிறு 30 மீட்டர்.

இடம் உப்புவெளிக் கரைக்கு வெளியே, 4 முதல் 6 மீட்டர் ஆழம், அடி மணல். இப்ப கச்சான் (தென்மேற்குக் காத்து) காலம். இரவு முழுக்கக் கரைப்பக்கமிருந்து வீசும், நல்லாப் பிடிக்குது. காலமை 10, 11 மணிக்குப் பிறகு கடல்காத்து திரும்பினதும் கழருது. எடுத்துத் திரும்பப் பாய்ச்சினால் பிடிக்கும், சில நேரம் உடன பிடிக்காது. 8 கிலோ காணாதோ? 12 கிலோ வாங்கினால் சரிவருமோ?

#2 அணியம்

தம்பி, எடையை விடுங்கள். மணலில் 8 கிலோ டான்ஃபோர்த் உங்கள் படகுக்குப் போதும். நேர் இழுவையில் அந்த எடைக்கு அது பிடிக்கிற அளவு வேறு எந்தப் பழைய வடிவமும் பிடிக்காது. உங்கள் சிக்கல் "திரும்பினதும்" என்ற சொல்லில் இருக்கிறது.

டான்ஃபோர்த்தின் இரண்டு தகடுகளும் தண்டுக்கு இருபுறமும் சுமார் 32 பாகை மடங்கும். தென்மேற்கிலிருந்து இழுத்தால் தகடுகள் மணலுக்குள் சரிந்து இறங்குகின்றன. காற்று வடகிழக்குக்குப் போனதும் கயிறு நங்கூரத்தின் தலைக்கு மேலாகப் பின்னால் இழுக்கிறது. ஒன்று, தண்டு நிமிர்ந்து தகடுகள் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். இல்லையென்றால் பக்கவாட்டில் உருண்டு ஒரு தகடு மேலே, ஒன்று கீழே என்று கிடக்கும். மறுபடி புதைய வேண்டுமென்றால் தகடுகள் தாராளமாக மடங்க வேண்டும். தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஒரு சிப்பியோ கூழாங்கல்லோ சிக்கினால் மடங்காது, தரையில் சறுக்கிக்கொண்டே வரும். நீங்கள் எடுத்துப் போட்டதும் பிடிப்பதற்குக் காரணம், தூக்கும்போது அந்தச் சிப்பி விழுந்துவிடுகிறது என்பதுதான்.

அடுத்த தடவை கழன்றால் தூக்கியவுடன் இடுக்கைப் பாருங்கள். கீலிலும் சுக்கானிலும் கயிறு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

#3 நீவாடு

கீல் விஷயத்துக்கு ஒரு வலுவான சாட்சி முதல் பதிவிலேயே இருக்கு: பச்சைக் கயிறு. பொலிப்புரொப்பிலீனின் ஒப்படர்த்தி 0.91, அதாவது மிதக்கும். நைலான் 1.14, தாழும். இரவுக் காற்று விழுந்து கடல்காற்று எழும்புற இடைவெளியில படகு நங்கூரத்துக்கு மேலயே சும்மா அலையும். அந்த நேரம் 30 மீட்டர் கயிறும் நீர்மட்டத்தில பாம்பு மாதிரிக் கிடக்கும். கீலுக்கும் சுக்கானுக்கும் நடுவில ஒரு வளையம் மாட்டினால் போதும். பிறகு காற்று வந்து படகை இழுக்கேக்க அணியத்தால (முன்முனையால) இழுக்காது, நடு வயிற்றால இழுக்கும். படகு காற்றுக்கு விலாவைக் குடுத்து நிக்கும். விலாப்பக்கம் காற்றுத் தாங்குற பரப்பு முகப்பைப் போலப் பல மடங்கு. எந்த நங்கூரமும் கழரத்தான் செய்யும். போற வாற வள்ளங்களின்ர புரொப்பெல்லரில அறுபடுற ஆபத்து தனி.

இன்னொன்று, அது நீளாது. நைலான் வேலைப்பாரத்திலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல நீளும். அலையில அணியம் எழும்புற ஒவ்வொரு தரமும் அந்த உதறலைக் கயிறு விழுங்க வேணும். விழுங்காட்டில் அது நேர நங்கூரத்துக்குப் போகும். மூன்றாவது வெயில். பச்சைக் கயிறு வெயிலில நரைச்சு, உள்ளங்கையில தும்பாக் குத்தத் தொடங்கினால் அதை வேலிக்குக் கட்டலாம்.

#4 பினாங்கு_கடல்

நான் கொஞ்சம் மாறுபடுறேன். அணியம் அண்ணன் சொன்ன காரணம் சரி. அதனாலதான் நங்கூரத்தை மாத்தணும்னு சொல்றேன். எடைக்காக இல்ல, வடிவத்துக்காக. தினமும் ரெண்டு தடவை காத்து எதிர்ப்பக்கம் திரும்புற இடத்துல முதன்மை நங்கூரமா டான்ஃபோர்த் வெச்சுக்கிறது தப்பான தேர்வு. அது ரெண்டாவது நங்கூரமா இருக்கட்டும்.

கலப்பை வடிவத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர்ங்கிற பிரிட்டிஷ் இயற்பியலாளர் 1933ல வடிவமைச்ச சிக்யூஆர்தான் தொடக்கம். திரும்பின இழுவைக்கு அது டான்ஃபோர்த்தை விட மேல், ஆனா இறுகின மணல்ல பக்கவாட்டுல படுத்தபடியே சறுக்கும். பிறகு வந்த டெல்டா ஒரே துண்டு, மூக்குல கனம், விழுந்தா தானா நிமிரும். ரொக்னா, ஸ்பேட், மேண்டஸ் மாதிரிப் புதிய தலைமுறைல தகடு மண்வெட்டி போல உள்குழிவா இருக்கும், மூக்கு கூர். ரொக்னாலயும் மேண்டஸ்லயும் மேல இருக்கிற வளைகம்பி நங்கூரத்தை நிமிர்த்தி விடும். ஸ்பேட்ல அந்த வேலையை மூக்குல வெச்ச ஈயம் செய்யுது. இழுவை திரும்பினா இதெல்லாம் பெரும்பாலும் மண்ணுக்குள்ளயே திரும்பிக்கும், இல்லன்னா ஒண்ணு ரெண்டு மீட்டர்ல மறுபடி புதையும். 26 அடிக்கு 10 கிலோ போதும்.

குறையும் சொல்லணும். ஒட்டுற களிமண்ல குழிவான தகடு ஒரு பெரிய உருண்டையை அள்ளி வெச்சுக்கும். காத்து திரும்பிக் கழண்டா, அந்த உருண்டை ஒட்டியிருக்கிற வரைக்கும் மறுபடி பிடிக்காது. எங்க பக்கம் இளகின சேறு. அதுல தகடு பெரிசா இருக்கிறதுதான் கணக்கு, அலுமினிய ஃபோர்ட்ரெஸ்ல கோணத்தை 32ல இருந்து 45க்கு மாத்தி வைப்பாங்க. மணலுக்கு 45 வைக்கக்கூடாது, உள்ள இறங்கவே இறங்காது.

#5 பாய்க்காரன்26

கீலில சுத்துறது பற்றி யோசிக்கேல்ல. காத்து திரும்பின நேரம் படகு விலாவைக் காட்டித்தான் நிண்டது, அது இழுபடுறதால எண்டு நினைச்சன். சரி, கயிறு மாத்திறன். எவ்வளவு நீளம், எவ்வளவு தடிப்பு? பாய்ச்சிற முறையையும் முதலில இருந்து சொல்லுங்கோ. இப்ப நான் செய்யிறது: நங்கூரத்தை எறிஞ்சு, கயிறு முழுக்க விட்டு, கட்டிப்போட்டு எஞ்சினை நிப்பாட்டுறது.

#6 அணியம்

முதலில் நீளக் கணக்கு, இதில்தான் பலருக்குச் சறுக்கும். விகிதம் என்பது கயிறு, சங்கிலி இரண்டும் சேர்ந்த நீளத்தை நங்கூரத்திலிருந்து அணியத்து உருளை வரை உள்ள உயரத்தால் வகுத்து வருவது. ஆழத்தால் மட்டும் அல்ல. ஆழமானி கீல் நுனியிலிருந்து அளக்கிறதா, நீர்மட்டத்திலிருந்தா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அந்த ஆழத்தோடு அணியத்தின் உயரம் 1 மீட்டர், இனி ஏறப்போகும் நீர், மூன்றையும் கூட்ட வேண்டும். திருகோணமலையில் வற்றுப்பெருக்கு முக்கால் மீட்டருக்குள் அடங்கிவிடும். கிள்ளான் துறைமுகம் போன்ற இடத்தில் 4 மீட்டரைத் தாண்டும், அங்கே இதை மறந்தால் விகிதம் பாதியாகிவிடும்.

உங்கள் கணக்கு: 6 + 1 + 0.7 = 7.7 மீட்டர். கையில் இருப்பது 33 மீட்டர். விகிதம் 4.3தான். கயிறு பெரும்பங்காக உள்ள அமைப்புக்கு 7 வேண்டும், காற்று வலுத்தால் 10. ஆக 7.7 மீட்டருக்கு 54 மீட்டர். அதனால் 8 மில்லிமீட்டர் சங்கிலி 8 மீட்டர், 12 மில்லிமீட்டர் மூன்று புரி நைலான் 50 மீட்டர் வாங்குங்கள். சங்கிலி குறைந்தது படகின் நீளமாவது இருக்கட்டும். தரையில் சிப்பியிலும் கல்லிலும் உரசுவது சங்கிலியாக இருக்க வேண்டும், கயிறாக இருக்கக்கூடாது.

இந்த விகிதம் எதற்கு என்றால் கோணத்துக்கு. கயிறு விறைத்து நேராகிவிட்டால், 3க்கு இழுவை தரையிலிருந்து 19 பாகை மேல்நோக்கி இருக்கும். 5க்கு 11.5, 7க்கு 8, 10க்கு 6க்கும் குறைவு. 7ஐத் தாண்டினால் ஒவ்வொரு மீட்டருக்கும் கிடைக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகிறது. 3ல் இருந்து 5க்குப் போவதுதான் பெரிய லாபம்.

கயிற்றில் 5 மீட்டருக்கு ஒரு அடையாளம் வையுங்கள். நிற நூலைப் புரிகளுக்கு நடுவே தைத்துவிட்டால் கையைக் கிழிக்காது, பிளாஸ்டிக் பட்டையின் வெட்டிய நுனி கிழிக்கும். இருட்டில் தடவிப் பார்த்து எண்ணக்கூடியதாக இருக்கட்டும்: 10ல் ஒரு முடிச்சு, 20ல் இரண்டு என்று.

இனி முறை. இடத்தை ஆழமானியோடு ஒரு வட்டம் சுற்றிப் பாருங்கள், படகு திரும்பிச் சுழலக்கூடிய பரப்பு முழுக்க. உங்கள் விஷயத்தில் காற்று 180 பாகை திரும்பும். 54 மீட்டர் விட்டால், படகு நீளம் 8ம் சேர்த்து, பின்பக்கம் நங்கூரத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி நிற்கும். இரவில் கடல் பக்கம் 60, பகலில் கரைப் பக்கம் 60. அதாவது நங்கூரம் விழும் இடத்திலிருந்து கரைப் பக்கம் 80 மீட்டர் வரைக்கும் 2 மீட்டருக்குக் குறையாத ஆழம் இருக்க வேண்டும். இரவில் பார்த்து "கரை தூரத்தில்தான் இருக்கிறது" என்று நினைத்துப் போட்டுவிட்டு, பகலில் உடைதிரைக்குள் பின்பக்கம் போய் நிற்பது இப்படித்தான்.

காற்றுக்கு நேர் எதிராக மெதுவாக ஏறுங்கள். படகு முற்றிலும் நின்று, பின்னால் நகரத் தொடங்கும் கணத்தில் நங்கூரத்தை இறக்குங்கள். எறிய வேண்டாம். எறிந்தால் சங்கிலி மேலே குவியலாக விழுந்து தகட்டைச் சுற்றும். தரை தொட்டது கையில் தெரியும், பாரம் சட்டென்று குறையும். அதன் பிறகு படகு பின்னால் போகிற வேகத்துக்கே கயிற்றை விடுங்கள், குவியவிடாமல்.

விகிதம் 3 அளவுக்கு வந்ததும் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பில்) ஒரே ஒரு சுற்று போட்டு லேசாகப் பிடியுங்கள். அணியம் காற்றுப் பக்கம் திரும்பி நேராகும். இது முதல் கடி, தகட்டின் முனை தரையில் ஊன்றுவதற்கு. உடனே இன்னும் விட்டு 5க்கு, பிறகு 7க்கு வந்து கட்டுங்கள்.

கட்டிய பிறகு அரை நிமிடம் சும்மா இருங்கள், கயிறு தானாக நேராகட்டும். பிறகு ரிவர்ஸ், முதலில் மிகக் குறைந்த வேகம். கயிறு விறைத்ததும் மெல்ல மெல்ல ஏற்றி, முக்கால் வேகத்தில் 30 விநாடி வைத்திருங்கள். ஒரேயடியாக முடுக்கினால் நன்றாகப் புதைந்திருக்க வேண்டிய நங்கூரத்தைக்கூடப் பிடுங்கிவிடலாம். அவுட்போர்ட்டில் ரிவர்ஸ் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டு இல்லாமல் ரிவர்ஸ் கொடுத்தால் மோட்டர் தன்னைத்தானே தூக்கிக்கொண்டு காற்றில் சுழலும், நீங்கள் நங்கூரத்தைச் சோதித்ததாக நினைத்துக்கொண்டு தூங்கப் போவீர்கள்.

அந்த 30 விநாடியும் ஒருவர் அணியத்தில் உட்கார்ந்து, உருளைக்கு வெளியே நிற்கும் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்திருக்க வேண்டும். நங்கூரம் தரையில் இழுபட்டால் கடகடவென்று ஒரு நடுக்கம் கைக்கு வரும். பிடித்திருந்தால் கயிறு கம்பியாக விறைத்து, அமைதியாக இருக்கும். இன்னொருவர் விலாப் பக்கமாகக் கரையில் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைப் பார்க்கட்டும்: முன்னே ஒரு தென்னை, பின்னே ஒரு கோபுரம் மாதிரி. அவை ஒன்றுக்கொன்று விலகாமல் நின்றால் படகு நகரவில்லை. விலகினால், கூடுதலாகக் கயிறு விட்டுப் பார்க்கலாம். அதிலும் நகர்ந்தால் தூக்கி, வேறு இடத்தில் போடுங்கள். மூன்று தடவை ஒரே இடத்தில் பிடிக்காவிட்டால் அந்தத் தரையே சரியில்லை என்று அர்த்தம்.

#7 கச்சான்

எல்லாம் சரி, ஆனால் பாரமான சங்கிலியே முழுக்கப் போட்டால் இவ்வளவு கணக்கும் தேவையில்லையே? சங்கிலி தன் பாரத்தால் தொய்ந்து தரையில் கிடக்கும், இழுவை எப்போதும் கிடைமட்டம். அதற்கும் வழியில்லையென்றால் கயிற்றின் நடுவில் ஒரு 10 கிலோ குண்டை இறக்கிவிடலாம்.

#8 நீவாடு

இது காற்றில்லாத நேரத்தில உண்மை. காற்று வந்தால் எவ்வளவு நேரம் உண்மையாயிருக்கும் எண்டு கணக்குப் பாப்பம்.

அமெரிக்கப் படகு, யாட் கவுன்சிலின்ர அட்டவணையில 25 அடிப் படகுக்கு 30 நாட் (நாட் எண்டால் மணிக்கு ஒரு கடல்மைல்) காற்றில 490 பவுண்டு, அதாவது 222 கிலோ இழுவை எண்டு போட்டிருக்கு. 15 நாட்டுக்கு 57 கிலோ, 42 நாட்டுக்கு 445. அலையின்ர உதறலையும் சேர்த்துப் போட்ட எண்கள், கொஞ்சம் கூடுதலானவை எண்டு பலர் சொல்லுவினம். காற்றின்ர வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு, அதை மறக்காதேங்கோ.

8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ, தண்ணிக்குள்ள 1.2 சுமார். அணியத்து உருளை தரையில இருந்து 6 மீட்டர் உயரத்தில, 35 மீட்டர் முழுச் சங்கிலி விட்டிருக்கிறம் எண்டு வைப்பம். கடைசிக் கண்ணியும் தரையை விட்டு எழும்ப 120 கிலோ இழுவை போதும். அது உங்கட அளவுப் படகுக்கு 22 நாட் காற்று. அதுக்கு மேல நீங்கள் சொல்லுற தொய்வு கிட்டத்தட்ட இல்லை, சங்கிலியும் விறைச்ச கம்பிதான். விறைச்ச சங்கிலி நைலானை விட மோசம், ஏனெண்டால் கொஞ்சமும் நீளாது. அதனாலதான் முழுச் சங்கிலி வைச்சிருக்கிறவை அதில நைலான் ஸ்னபர் (உதறலை வாங்குற துண்டுக் கயிறு) ஒண்டைக் கொளுவி, சங்கிலியைத் தளர விட்டு, பாரத்தை நைலானுக்குக் குடுக்கினம்.

35 மீட்டர் சங்கிலி 49 கிலோ. 2.2 டன் படகின்ர மூக்கில அதை வைச்சுப் பாய் விரிச்சால் அணியம் அலைக்குள்ள குத்தும். 40 அடிக்குச் சரியானது 26க்குச் சரியில்லை.

குண்டு: இளங்காற்றில சுத்துற வட்டம் சின்னனாகும், கயிறு கீலில மாட்டாது. அந்தளவுதான். 200 கிலோ இழுவையில 10 கிலோக் குண்டு என்ன செய்யும்? அந்த 10 கிலோவை நங்கூரத்திலயோ, இன்னும் 7 மீட்டர் சங்கிலியிலயோ போடுறது மேல்.

#9 பினாங்கு_கடல்

இதோட ஒண்ணு சேத்துக்கலாம். எஞ்சின் சோதனைக்கும் எல்லை இருக்கு. பொதுவான கணக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு 10 கிலோ தள்ளுவிசை. அவுட்போர்ட் ரிவர்ஸ்ல அதையும் விடக் கம்மி, புகை வெளியேறுறது புரொப்பெல்லருக்குள்ளயே வந்துடும். 9.9ஐ முழுசா முடுக்கினாலும் 60, 70 கிலோ கிடைச்சா பெரிசு. நீவாடு குடுத்த எண்ணோட வெச்சுப் பாத்தா, அது 16, 17 நாட் காத்துக்குச் சமம். நம்ம சோதனை "பிடிச்சிருக்கு"ன்னு சொல்லும், "30 நாட்டுக்கும் பிடிக்கும்"னு சொல்லாது. கூடுதல் இழுவை வந்தா கூடுதலாப் புதையுற வடிவம் வேணும்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

தண்ணி தெளிவா இருக்கிற கடல்ல இதுக்கெல்லாம் மேலான சோதனை கண்ணாடி மாட்டிக்கிட்டு இறங்கிப் பாக்குறது. 4 மீட்டர் ஆழத்துல மேலேருந்தே தெரியும். நல்லாப் பிடிச்ச நங்கூரத்தோட தகடு தெரியாது, தண்டும் பாதி உள்ள போயிருக்கும், பின்னால உழுத கோடு ஒண்ணு இருக்கும், சங்கிலி அந்தக் கோட்டுக்கு நேரா நீண்டிருக்கும். டான்ஃபோர்த்னா ரெண்டு தகடும் ஒரே அளவு மறைஞ்சிருக்கணும். ஒரு தகட்டோட முனை மேல நீட்டிக்கிட்டு இருந்தா அது புதையலை, எதிலயோ மாட்டியிருக்கு. காத்து 20 பாகை நகர்ந்தாலே போயிடும்.

#10 வெண்பாய்

எஞ்சின் கிளம்பாத நாளும் வரும், அது பற்றி யாரும் எழுதவில்லை. பாயில் வந்து போடுவதற்கு இரண்டு வழி.

முன்பாயை இறக்கி அணியத்தைக் காலி செய்துவிட்டு, பெரிய பாயில் மட்டும் காற்றுக்கு 60 பாகையில் வாருங்கள். பாயைத் தளர்த்தினால் வேகம் குறையும், இழுத்தால் கூடும், கட்டுப்பாடு கையில் இருக்கும். இடம் வந்ததும் காற்றுக்கு நேராகத் திருப்பி, படகு நின்றதும் இறக்குங்கள். புதைக்க ரிவர்ஸ் வேண்டுமே: பாயின் பூமை (அடிக்கம்பை) ஒரு பக்கமாக வெளியே தள்ளிப் பிடித்தால் பாயின் பின்பக்கம் காற்று பட்டு, படகு பின்னோக்கி நகரும். சுக்கானைப் பின்னோட்டத்துக்கு ஏற்பப் பிடிக்க வேண்டும், கையை விட்டால் அடித்துத் திரும்பும். எஞ்சினளவு இழுவை கிடைக்காது, ஆகவே அதன் பிறகு வரும் முதல் வலுத்த காற்று வரைக்கும் மேலேயே இருங்கள்.

மற்றது, முன்பாயில் மட்டும் காற்றோடு சேர்ந்து 2 நாட் வேகத்தில் இறங்கி வந்து, நங்கூரத்தை விட்டு, கயிறு ஓட ஓட, 5 விகிதத்தில் பிடிப்பது. படகின் ஓட்டமே நங்கூரத்தைப் புதைக்கும், படகு தன்னால் சுழன்று காற்றுக்கு முகம் திருப்பும். நன்றாகப் புதையும், ஆனால் ஃபின் கீலில் கயிறு கீழே போய் மாட்டுகிற ஆபத்து கூட. பிடிக்கும் நேரம் சுக்கானைக் கயிறு இருக்கும் பக்கமே திருப்ப வேண்டும். ஓடுகிற கயிற்றுக்குள் காலை வைக்காதீர்கள், கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். 2.2 டன் படகு நிற்கும்போது விரல் நடுவில் இருந்தால் விரல் இருக்காது.

#11 கடற்சாமி

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக்கு மட்டும் சில குறிப்பு.

கரைவலை. விடியப்புறம் வலை வளைக்கிற இடத்தில நங்கூரம் போட்டுக் கிடந்தால் தொழிலுக்கு இடைஞ்சல், உங்கட கயிற்றில வலை கிழிஞ்சால் நட்டம் உங்கட தலையில. எந்தத் துண்டில வளைக்கினம் எண்டு முதல்நாளே சம்மாட்டியிட்ட (வலைச் சொந்தக்காரரிட்ட) கேளுங்கோ. அடியில எங்க மணல், எங்க பார் (பாறைத்திட்டு) எண்டதையும் அவர் வரைபடத்தை விடத் திறமாச் சொல்லுவார்.

புறாத்தீவைச் சுத்திப் போட வேண்டாம். 2003 முதல் தேசியப் பூங்கா, அடி முழுக்கப் பவளம். சங்கிலி ஒரு சுத்துச் சுத்தினால் பல வருசத்து வளர்ச்சி போகும். உங்களுக்கும் பிழை, பவளப்பாறைக்குக் கீழ மாட்டின நங்கூரம் திரும்பி வராது. மன்னார் வளைகுடாவிலயும் இதுதான். பாக்கு நீரிணைப் பக்கம் கடற்புல்: அதில நங்கூரம் வேர்ப்பாய்க்கு மேல சறுக்கும், பிடிச்சால் புல்லைப் பிடுங்கும். புல்லுக்கு நடுவில வெளிர்நிறமாத் தெரியிற மணல் திட்டைப் பாத்து அதில இறக்குங்கோ.

கலங்கல் தண்ணியில அடி என்ன எண்டு தெரியாட்டில் ஈயக்குண்டின்ர அடிக்குழியில கிரீஸ் பூசி இறக்குங்கோ. மணல், சிப்பித் தூள், சேறு எது ஒட்டி வருது எண்டு பாக்கலாம். ஒண்டும் ஒட்டாமல், கிரீஸ் நசிஞ்சு வந்தால் பாறை.

விளக்கு: 7 மீட்டருக்குக் குறைஞ்ச படகுக்கு, மற்றப் படகுகள் ஓடாத இடத்தில விலக்கு இருக்கு. உங்கட 26 அடி 7.9 மீட்டர், விலக்கு இல்லை. இரவில எல்லாப் பக்கமும் தெரியிற வெள்ளை விளக்கு ஒண்டு, 2 கடல்மைல் தெரிய வேணும். பகலில முன்பக்கம் கறுப்புப் பந்து. தோட்டத்துக்கு வைக்கிற சூரிய விளக்கு இதுக்குக் கணக்கில்லை, நடுச்சாமத்துக்கு முதலே மங்கிப்போம். இரவு 40 குதிரைவலு எஞ்சினோட வாற வள்ளக்காரருக்கு உச்சிப் பாய்மரத்து விளக்கு நட்சத்திரத்தோட கலந்துபோம். பூமுக்குக் கீழ இன்னொண்டு கட்டினால் நல்லம்.

#12 பாய்க்காரன்26

எல்லாருக்கும் நன்றி. வாங்கப்போறது: 10 கிலோ வளைகம்பி நங்கூரம், 8 மில்லிமீட்டர் கல்வனைஸ் சங்கிலி 8 மீட்டர், 12 மில்லிமீட்டர் நைலான் 50 மீட்டர். பழைய டான்ஃபோர்த் ரெண்டாவதா இருக்கும். இணைப்புகளைப் பற்றி மூண்டு கேள்வி. கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் ஸ்விவல் (சுழலுற இணைப்பு) ஒண்டு போடச் சொல்லுறார், தேவையோ? கயிறையும் சங்கிலியையும் எப்பிடிச் சேக்கிறது? ஃபோனில நங்கூர அலாரம் வைக்கலாம்தானே?

#13 அணியம்

ஸ்விவல் வேண்டாம். மூன்று புரிக் கயிறு முறுக்கைத் தானே வாங்கிக்கொள்ளும். ஸ்விவலை நேராக நங்கூரத் தண்டில் மாட்டினால் இழுவை பக்கவாட்டில் வரும்போது அதன் கவைப் பகுதி நெம்புகோல் போல வளைந்து உடையும், அது நேர் இழுவைக்கு மட்டும் செய்தது. போட்டே தீர வேண்டுமென்றால் தண்டுக்கும் அதற்கும் நடுவே இரண்டு மூன்று கண்ணி சங்கிலி விடுங்கள். ஸ்டெயின்லெஸ் வெதுவெதுப்பான கடல்நீரில் உள்ளுக்குள் இடுக்கில் அரிக்கும், வெளியே பளபளவென்று இருக்கும். கல்வனைஸ் துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், அதுவே நல்லது.

ஷேக்கிள் (பின் போட்டுப் பூட்டும் இணைப்பு வளையம்): சங்கிலிக் கண்ணிக்குள் நுழையும் அளவில் மிகப் பெரியது, வேலைப்பாரம் அச்சிட்டது. 8 மில்லிமீட்டர் சங்கிலியின் வேலைப்பாரம் 800 கிலோ என்றால் ஷேக்கிள் அதற்குக் குறையக்கூடாது. பின்னை முழுக்க முறுக்கி, பின் கண்ணிலிருந்து ஷேக்கிள் உடலுக்குக் கம்பி போட்டு இரண்டு சுற்றுக் கட்டுங்கள். கம்பி இல்லாத ஷேக்கிள் சுழன்று சுழன்று தானாகக் கழலும்.

கயிற்று நுனியில் இரும்புத் திம்பிள் என்ற காப்பு வளையத்தைச் சுற்றிக் கண் பின்னுங்கள், நைலானுக்குக் குறைந்தது 5 முழுச் செருகல். பின்னினால் வலுவில் பத்தில் ஒரு பங்குதான் போகும், முடிச்சுப் போட்டால் பாதி வரைக்கும் போகும். 12 மில்லிமீட்டர் நைலானின் அறுபாரம் 3 டன் சுமார் என்பதால் முடிச்சும் தாங்கும், ஆனால் முடிச்சு உருளையில் ஏறாது.

கயிற்றின் மறுமுனையைப் பெட்டிக்குள் உள்ள வளையத்தில் ஒரு மெல்லிய கயிற்றால் கட்டுங்கள், தளம் வரை எட்டும் நீளத்தில். நங்கூரத்தை விட்டுவிட்டு ஓட வேண்டிய நேரத்தில் கத்தியால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். நைலான் உருளையில் உரசும் இடத்தில் ரப்பர் ஹோஸ் துண்டு மாட்டி, நகராமல் கட்டிவிடுங்கள். பலத்த காற்றில் நைலான் ஒரே இடத்தில் நீண்டு சுருங்கி, ஒரே இரவில் அறுந்துவிடும்.

#14 நீவாடு

அலாரம் வைக்கலாம். ஆனால் மையத்தை நங்கூரம் தரை தொட்ட கணத்தில, அணியத்தில நிண்டு குறிக்க வேணும். எல்லாம் முடிஞ்சு காக்பிட்டுக்குள்ள வந்து குறிச்சால் மையம் 50, 60 மீட்டர் பிழை, காற்று திரும்பின உடன பொய்யா அலறும், பிறகு நீங்கள் அதை நிப்பாட்டிப்போட்டுப் படுப்பீங்கள். 54 மீட்டர் விட்டிருந்தால் ஆரத்தை 70 வையுங்கோ, ஜிபிஎஸ் 5, 10 மீட்டர் ஆடும். சார்ஜரில போட்டு வையுங்கோ.

அலாரம் அடிக்க முதலே படகு சொல்லும். பிடிச்ச படகு காற்றுக்கு முகம் காட்டி, இடம் வலம் ஆடி ஆடித் திரும்பும். இழுபடுற படகு ஆடாது, ஒரு பக்கம் சரிஞ்சு மெல்லப் பின்னால போகும், கயிறு ஒருக்கா விறைச்சு ஒருக்காத் தளரும்.

#15 பாய்க்காரன்26

கடைசியா ஒண்டு. கல்லில மாட்டினால் எப்பிடி எடுக்கிறது? வின்ச் இல்லை, கையாலதான்.

#16 கடற்சாமி

கையால இழுத்துப் படகைக் கொண்டுபோகாதேங்கோ, எஞ்சினால மெல்ல ஏறி, தளர்ற கயிற்றை மட்டும் எடுங்கோ. கயிறு செங்குத்தானதும் கிளீட்டில கட்டிப்போட்டு ரெண்டு நிமிசம் பொறுங்கோ, அலையில அணியம் எழும்பேக்க அதுவே பிடுங்கித் தரும். பெரும்பாலும் இது போதும். 5 மீட்டர் ஆழத்தில தரையை விட்டு எழும்பினால் கையில வாற பாரம் நங்கூரமும் சங்கிலியும் சேர்ந்து 16, 17 கிலோதான்.

அதுக்கும் வராட்டில் கட்டினபடியே, பாய்ச்சின திசைக்கு எதிர்ப்பக்கம் எஞ்சினால மெல்லப் போங்கோ. மாட்டும் எண்டு முதலே சந்தேகமான இடத்தில நங்கூரத்தின்ர பின்பக்கத்து ஓட்டையில 6 மில்லிமீட்டர் கயிறு கட்டிச் சின்ன மிதவை விடலாம். நீளம், நீர் ஏறின நேரத்து ஆழமும் ஒரு மீட்டரும். கூட விட்டால் உங்கட புரொப்பெல்லரிலயே சுத்தும். மிதவையில "நங்கூரம்" எண்டு பெரிசா எழுதுங்கோ, இல்லாட்டில் ஆரும் வந்து அதில தங்கட வள்ளத்தைக் கட்டிப்போடுவினம்.

#17 பினாங்கு_கடல்

அந்த ஓட்டை ரொக்னால வளைகம்பிக்குக் கிட்ட, தகட்டோட பின்பக்கம் இருக்கும். தண்டுல நீளவாட்டுல ஒரு பிளவு இருந்தா அதுல சங்கிலியை மாட்டாதீங்க, அது பாறை இடத்துல சங்கிலி தானா சறுக்கிப் பின்னால போய் நங்கூரத்தை எடுக்கிறதுக்குன்னு வெச்சது. காத்து திரும்புற இடத்துல படுத்துத் தூங்கறப்போ அதே வேலையைச் செஞ்சு நங்கூரத்தைப் பிடுங்கிடும்.